கப்பல் தொழிலாளரும் வைத்தியச் சோதனையும்

கப்பலில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவனும் ஏணியில் கால் வைக்குமுன் ஒரு காகிதத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. அவனுடைய தேகம் கடல் தொழிலுக்குத் தகுதியுடையது என்று ஒரு டாக்டர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் அத்தாட்சிப் பத்திரமே அது. அந்தக் காகிதம் இல்லாதவனுக்கு எந்தத் துறைமுகத்திலும் வேலையில்லை. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட இந்திய மாலுமிகளின் ஜீவனம் இந்த ஒரு கையெழுத்தைப் பற்றிக்கொண்டு தொங்குகிறதென்றால் அது மிகையாகாது. 1958-ம் வருஷத்துக் கப்பற் சட்டத்தின் ஸ்தானத்தில் வைப்பதற்கென்று 2025-ம் வருஷத்தில் நமது பார்லிமெண்டு புதுச் சட்டமொன்றை நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் புதிதானால் அதன் கீழுள்ள விதிகளையும் புதுக்கி எழுத வேண்டும். ஆகவே, இந்தச் சோதனை யாருடைய நன்மைக்காக நடக்கிறது, அதன் செலவும் ஆபத்தும் யார் தலையில் விழுகின்றன என்பதை விசாரிக்கத் தக்க சமயம் இதுவே.

சோதனையே வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர் கடலை அறியாதவர். சாதாரணச் சரக்குக் கப்பலொன்றில் இருபது, இருபத்தைந்து பேர் இருப்பார்கள். அவர்களில் வைத்தியர் ஒருவரும் இருக்கமாட்டார். நூறு பேருக்குக் குறையாமல் ஏற்றிக்கொண்டு மூன்று நாளைக்கு மேற்பட்ட அந்நிய தேசப் பிரயாணம் செய்யும் கப்பலில் மட்டுமே டாக்டர் இருக்க வேண்டுமென்பது சர்வதேச விதி. மற்றக் கப்பல்களில், நடு நிசியில் ஒருவனுக்கு மார்வலி கண்டால், மருந்துப் பெட்டியைத் திறப்பவர் ஒரு கப்பல் அதிகாரிதான். கம்பியில்லாத் தந்தியின் வழியாகக் கரையிலுள்ள வைத்தியரின் யோசனையைக் கேட்கலாம். அதற்கென்றே ரோமாபுரியில் 1935-ம் வருஷத்தில் ஒரு நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. கம்பியில்லாத் தந்தியைக் கண்ட மார்க்கோனியே அதன் முதல் தலைவர். ஆயினும் யோசனை காற்றில் வரும். வைத்தியரின் கை வராது. கரையிலிருந்து ஆயிரம் மைலுக்கப்பால் ஹெலிகாப்டரும் எட்டாது. படுக்கையில் விழுந்தவனுடைய காவல் முறையை, ஏற்கனவே களைத்திருக்கும் மற்றவர்கள் ஏற்க வேண்டும். சுக்கான் பிடிப்பவனுக்கு வலிப்பு வந்தால் அவன் ஒருவனோடு போகாது. எனவே கண், காது, பல், இருதயம், இரத்த அழுத்தம், குடலிறக்கம், நீரிழிவு, மனோநிலை ஆகிய யாவும் சோதிக்கப்படுவது நியாயமே.

இவற்றில் கண்ணைப் பற்றி விசேஷமாகச் சொல்ல வேண்டும். இரவில் ஒரு கப்பல் எத்திசை நோக்கிச் செல்கிறதென்பதை அதன் விளக்குகளைக் கொண்டே மற்றொரு கப்பல் அறிகிறது: இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, பாய்மரத்தில் வெள்ளை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண் காவல் மேடையில் நின்றால், எதிரே வரும் கப்பல் விலகிப் போகிறதா, மேலே வந்து மோதப் போகிறதா என்பதே விளங்காது. இக்குறையைக் கண்டுபிடிக்க இன்று உலகமெங்கும் வழங்கும் புள்ளிப் படங்களை 1917-ம் வருஷத்தில் வெளியிட்டவர் இஷிஹாரா என்னும் ஜப்பானிய டாக்டர். (ஐரோப்பியர் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவற்றின் ஜாபிதாவை ஓயாமல் கேட்டுப் பழகிய நாம், ஐரோப்பிய மாலுமியின் கண்ணையும் ஓர் ஆசியரின் புத்தகம் அளக்கிறதென்பதை ஒரு தரம் நினைத்துக்கொள்வதில் பிழையில்லை.) நிறக்குருடு பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது, அப்படி அமைந்ததற்கு மருந்து கிடையாது. அதைவிட முக்கியம், அது உள்ளவனுக்கே அது இருப்பது தெரியாது. புள்ளிப் படத்தைப் பார்க்கும் வரையில் அவன் தன்னை மற்றவர்களைப் போலவே எண்ணிக்கொண்டிருப்பான்.

நமது தென் ஜில்லாக்களில், தூத்துக்குடியிலும் இராமநாதபுரத்திலும் கன்னியாகுமரியிலும், நிலத்தை ஒத்திக்கு வைத்தும் தாயின் நகையை அடகு வைத்தும் பிள்ளையைக் கப்பற் படிப்புக்கு அனுப்பும் குடும்பங்கள் அநேகம். 2008-ம் வருஷத்தில் சென்னையைத் தலைமையாகக் கொண்டு இந்தியக் கடல்சார் சர்வகலாசாலை ஏற்பட்ட பின் அந்த ஆசை இன்னும் வளர்ந்திருக்கிறது. பிள்ளையின் கண் இத்தொழிலுக்கு ஆகாது என்பதை அவன் எப்பொழுது அறிகிறான் என்பதில்தான் குடும்பத்தின் க்ஷேமம் அடங்கியிருக்கிறது. சேர்வதற்கு முன் சோதனை என்று விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கல்விச்சாலையும் முதல் ரூபாயை வாங்குமுன் அங்கீகாரம் பெற்ற டாக்டரின் கண் சோதனைச் சீட்டைப் பெற்றே தீர வேண்டுமென்றும், பெறாமல் வாங்கிய பணத்தை முழுதும் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றும் ஒரு ஷரத்துச் சேர்த்தால் எத்தனையோ வீடுகள் பிழைக்கும். சர்க்காருக்கு இதில் காலணாச் செலவில்லை.

நிற்க. இச்சோதனையின் பூர்வ சரித்திரம் நமக்கு அவ்வளவு பெருமையுள்ளதன்று. 1921-ம் வருஷத்தில் ஜினீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு இரண்டு உடன்படிக்கைகளைச் செய்தது. ஒன்று, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை வைத்தியச் சோதனையில்லாமல் கப்பலில் அமர்த்தலாகாது என்பது. மற்றொன்று, அவ்வயதுக்குட்பட்டவர்களைக் கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளவும் உலையில் கரி போடவும் வைக்கலாகாது என்பது. இரண்டும் நல்லவையே. ஆனால் இரண்டாவது உடன்படிக்கைக்குள் ஒரு விலக்கு நுழைந்தது: இந்தியாவின் கரையோரக் கப்பல்களிலும் ஜப்பானின் கரையோரக் கப்பல்களிலும் மட்டும், பதினாறு வயதுப் பையனை, வைத்தியச் சோதனையில் தேறினால், உலைக்கு முன் நிறுத்தலாம்! அதாவது மற்ற தேசத்துப் பையனைக் காப்பாற்றிய அதே பத்திரம், நம்முடைய பையனை டாக்டரின் கையெழுத்தோடு நெருப்பினிடம் ஒப்படைத்தது. அந்நிய சர்க்கார் நமது பெயரால் மறு வருஷமே இவ்விரண்டையும் அங்கீகரித்தது.

இன்னொரு உதாரணமும் உண்டு. 1906-ம் வருஷத்துப் பிரிட்டிஷ் கப்பற் சட்டம், மாலுமி ஒருவன் படுத்துறங்க 120 கன அடி இடம் வேண்டுமென்று விதித்தது. ‘லாஸ்கர்’ என்று அழைக்கப்பட்ட நம்மவர்களுக்கோ அந்தத் தாராளம் பொருந்தவில்லை. (அதே வருஷத்தில்தான் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார் என்பதை நமது வாசகர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.) தேகத்தைச் சோதிப்பதில் கண்டிப்பாயிருந்தவர்கள், அந்தத் தேகம் கிடக்கும் அறையைச் சோதிப்பதில் கண்ணை மூடிக்கொண்டார்கள். நோயற்றவனைப் பொறுக்கியெடுத்து, நோய் வரும் இடத்தில் அடைத்து, நோய் வந்தபின் கரையில் இறக்கிவிடுவது வைத்தியமாகுமா? அது ஆட்சேர்க்கும் தந்திரம். அந்தத் தந்திரத்தின் சாயை இன்றைய ஏற்பாட்டிலும் படிந்திருப்பதே நமது ஆட்சேபம்.

இன்றைய சட்டத்தைப் பார்ப்போம். 1946-ம் வருஷத்தில் ஸியாட்டில் நகரில் எல்லா மாலுமிகளுக்கும் வைத்தியச் சோதனை வேண்டுமென்ற உடன்படிக்கை ஏற்பட்டது. 2006-ம் வருஷத்தில், இம்மாதிரிப் பழைய உடன்படிக்கைகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டிக் கடல் தொழிலாளர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அது 2013-ல் அமுலுக்கு வந்தது. இந்தியா 2015-ல் அதை அங்கீகரித்தது. அத்தாட்சிப் பத்திரம் இரண்டு வருஷம் வரையில் செல்லும். பதினெட்டு வயதுக்குட்பட்டவனுக்கு ஒரு வருஷமே. நிறப் பார்வைக்கு மட்டும் ஆறு வருஷம். சோதிக்கும் டாக்டர் தம் வைத்திய அபிப்பிராயத்தில் முழுச் சுதந்திரம் உள்ளவராயிருக்க வேண்டும். தகுதியில்லை என்று தள்ளப்பட்டவன் வேறொரு சுயேச்சையான டாக்டரிடம் மறு சோதனை கேட்கலாம். நமது நாட்டில் இதற்கென 2000-ம் வருஷத்தில் தனி விதிகள் ஏற்பட்டிருக்கின்றன. மும்பையிலுள்ள கப்பல் துறைத் தலைமை அதிகாரி அங்கீகரித்த டாக்டர்களே அத்தாட்சி கொடுக்கலாம். இவ்வளவும் செம்மையானவை.

கோளாறு எங்கே என்றால், சட்டத்தின் சோதனை முடிந்த இடத்தில் கம்பெனியின் சோதனை ஆரம்பமாகிறது. கப்பல் முதலாளிகள் தங்களுக்குள் கூடி நடத்தும் பரஸ்பர இன்ஷூரன்ஸ் சங்கங்கள் சில உண்டு. மாலுமி நோயுற்றால் நஷ்ட ஈடு கொடுப்பவை அவையே. நஷ்ட ஈட்டுத் தொகை ஏறுவதைக் கண்ட இச்சங்கங்கள், 1990-களிலிருந்து, சட்டம் கேட்பதைவிட அதிகமான சோதனைகளைத் தாமே வகுத்து, தாம் குறித்த வைத்திய நிலையங்களில் செய்விக்கலாயின. பணம் கொடுக்க வேண்டியவர் முன்ஜாக்கிரதையாயிருப்பது இயற்கை; அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் சட்டத்தின் சோதனையில் தேறி அத்தாட்சியைக் கையில் வைத்திருப்பவனைக் கம்பெனியின் டாக்டர் தள்ளிவிட்டால், அவன் யாரிடம் முறையிடுவது? ‘உனக்கு வேலை இல்லை’ என்பதே பதிலாக வருகிறது. மறு சோதனையுரிமை சட்டத்தின் அத்தாட்சியை மறுத்தால்தான் பிறக்கும். கம்பெனி மறுத்தால் பிறவாது. இப்படி முன்வாசலில் கொடுத்த உரிமை கொல்லைப்புறமாக வெளியேறிவிடுகிறது. எச்.ஐ.வி. இரத்தச் சோதனையை உத்தியோகத்துக்கு நிபந்தனையாக்கலாகாதென்று 2017-ம் வருஷத்து இந்தியச் சட்டம் சொல்கிறது. தனியார் ஜாபிதாவில் எந்தெந்தச் சோதனை இருக்கிறதென்று பார்க்கும் அதிகாரி ஒருவரும் இல்லாவிடில் அந்தச் சட்டத்தை யார் காப்பாற்றுவது?

செலவின் விஷயம் இன்னும் விநோதம். வேலை தேடித் தருவதற்காக மாலுமியிடம் ஒரு காசும் வாங்கலாகாதென்று 2006-ம் வருஷத்து உடன்படிக்கை கண்டிப்பாகச் சொல்கிறது. சொல்லிவிட்டு, மூன்று செலவுகளை மாத்திரம் அவன் தலையிலேயே விட்டு வைத்திருக்கிறது: பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், சட்டப்படியான வைத்திய அத்தாட்சி. முதலிரண்டும் அவனோடு என்றும் இருப்பவை, போகட்டும். மூன்றாவது அப்படியன்று. கப்பலின் பத்திரத்துக்காகவும் முதலாளியின் இன்ஷூரன்ஸுக்காகவும் இரண்டு வருஷத்துக்கொரு முறை செய்வது அது. பிலிப்பைன் தேசத்தார் இதில் நம்மைவிட ஒருபடி முன்னே யோசித்திருக்கிறார்கள். குறிப்பிட்ட வைத்திய நிலையத்தில்தான் சோதனை செய்துகொள்ள வேண்டுமென்று வெளிநாடு செல்லும் தொழிலாளியை நிர்ப்பந்திப்பதை அவர்களுடைய 2010-ம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கிற்று. மாலுமிகளுக்கு மட்டும் ஒரு விலக்கு; அதுவும் சோதனைச் செலவைக் கப்பல் முதலாளியே ஏற்றுக்கொண்டால்தான். டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வேண்டுமானால் பணத்தை எடுத்து வை என்பதே இதன் தாத்பரியம். நமது புது விதிகளில் இவ்வளவு எளிய நியாயத்தைச் சேர்ப்பதற்கு என்ன தடையென்று நமக்கு விளங்கவில்லை.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கப்பலில் வேலை செய்கையில் நோய் கண்டவனுக்குச் சிகிச்சை செய்விக்கவும், குறைந்தது 16 வாரம் வரையில் சம்பளப் பொறுப்பை ஏற்கவும் முதலாளி கடமைப்பட்டவர் என்று மேற்படி உடன்படிக்கை கூறுகிறது. உடனே ஒரு விலக்கும் கூறுகிறது: வேலைக்கு அமரும்பொழுது வேண்டுமென்றே மறைத்த வியாதியானால் முதலாளி பொறுப்பிலிருந்து விலக்கப்படலாம். இந்த ‘மறைத்தான்’ என்ற ஒரு சொல்லில் எத்தனை குடும்பங்கள் மூழ்கியிருக்கின்றன! கம்பெனி டாக்டர் எக்ஸ்-ரே எடுத்து, இரத்தம் எடுத்து, ‘தகுதியுள்ளவன்’ என்று கையெழுத்திட்டு ஏற்றுகிறார். ஆறு மாதம் கழித்து இருதய நோய் கண்டு அவன் கரைக்குத் திரும்பினால், ‘இது முன்பே இருந்தது, நீ சொல்லவில்லை’ என்கிறார்கள். முன்பே இருந்ததாயின் உமது டாக்டர் எதைப் பார்த்தார்? இக்கேள்வி பிலிப்பைன் தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டின் முன் பலமுறை வந்திருக்கிறது. வேலைக்கு முன் செய்யும் சோதனை எல்லா வியாதிகளையும் துருவிப் பார்ப்பதன்று. ஆகையால் அதில் தேறியதொன்றே தேகம் குற்றமற்றது என்பதற்கு ருசுவாகாது என்று அந்நீதிபதிகள் பலமுறை தீர்ப்பளித்திருக்கிறார்கள். சட்ட நுட்பத்தில் அது சரியாயிருக்கலாம். ஆனால் அதன் பலனைப் பாருங்கள். வேலை மறுக்கும்போது சோதனை முழுமையானது. நஷ்ட ஈடு கேட்கும்போது அதே சோதனை மேலெழுந்தவாரியானது! ஒரே காகிதத்துக்கு, போகும்போது ஒரு மதிப்பு, திரும்பும்போது வேறொரு மதிப்பு.

‘மாலுமிகள் உண்மையாகவே மறைக்கிறார்களே’ என்று முதலாளிகள் சொல்வார்கள். மறைக்கிறார்கள், நாம் மறுக்கவில்லை. சோதனைக்கு முன் பட்டினி கிடந்து சர்க்கரையைக் குறைத்துக் காட்டுபவர்களும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கிவிட்டு ‘மருந்தே சாப்பிட்டதில்லை’ என்று எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஏன் என்று கேட்க வேண்டாமா? இந்திய மாலுமிகளில் பெரும்பாலோர் சில மாத ஒப்பந்தத்தில் போகிறவர்கள். ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது. அடுத்த கப்பல் கிடைக்குமா என்பது டாக்டரின் பேனா முனையில் இருக்கிறது. தள்ளப்பட்டவனுக்குச் சிகிச்சையோ, கரையில் மாற்று வேலையோ, உபகாரச் சம்பளமோ இல்லாத வரையில், உண்மை பேசுபவன் பட்டினியையே சம்பாதிக்கிறான். இந்நிலையில் மறைப்பதைத் தண்டித்து மட்டும் மறைப்பை ஒழிக்க முடியாது. மாத்திரையால் அடங்கும் நீரிழிவும் அழுத்தமும் உள்ளவனை, சில நிபந்தனைகளோடு, கரையை ஒட்டிய பிரயாணங்களிலாவது அனுமதிக்கலாமென்று வைத்திய சாஸ்திரமே சொல்கிறது. அந்தக் கதவு திறந்திருப்பது தெரிந்தால் உண்மை தானே வெளிவரும்.

ஆகவே நாம் கேட்பது இது. நோயை மறைத்தான் என்று சொல்லும் முதலாளி, அது வேண்டுமென்று செய்ததென்பதைத் தாமே ருசுப்படுத்த வேண்டும். உடன்படிக்கையின் வாசகத்திலேயே ‘வேண்டுமென்று’ என்ற பதம் இருக்கிறது. தமது டாக்டர் ஒழுங்காகச் சோதித்திருந்தால் தென்பட்டிருக்கக்கூடிய வியாதியைக் காட்டிப் பின்னால் பொறுப்பை உதற அவரை விடலாகாது. சோதனைத் தாள்களின் நகல் ஒவ்வொன்றும் மாலுமியின் கையில் அன்றே கொடுக்கப்பட வேண்டும்; இன்று தன் இரத்தத்தைப் பற்றிய காகிதத்தைத் தவிர மற்றக் காகிதங்களெல்லாம் அவனிடம் இருக்கின்றன. டாக்டர்களுக்குள் அபிப்பிராய பேதம் வந்தால், கம்பெனியும் தொழிலாளியும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் மூன்றாம் டாக்டரின் முடிவே இருதரப்பையும் கட்டுப்படுத்தும் என்று பிலிப்பைன் மாலுமி ஒப்பந்தத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. அதை நோயுற்ற பின் மட்டுமல்லாமல் வேலைக்கு முன்னும் பொருந்தும்படி நாம் செய்யலாம்.

விதிகளைத் தளர்த்தினால் கடலில் ஆபத்து விளையும் என்று பயமுறுத்துபவர்களுக்கு 2020-ம் வருஷத்தை நினைப்பூட்ட விரும்புகிறோம். கொரோனாத் தொற்றினால் துறைமுகங்கள் அடைபட்டபோது, ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் சுமார் 4 லட்சம் மாலுமிகள் கப்பல்களிலேயே சிறைப்பட்டார்கள். பிரயாண மத்தியில் வைத்திய அத்தாட்சி காலாவதியானால், அதிகமாகப் போனால் மூன்று மாதம் வரையில் நீடிக்கலாம் என்பதே விதி. அவ்வருஷத்திலோ பல சர்க்கார்கள் அதற்கு மேலும் காகிதத்திலேயே நீடித்துக் கொடுத்தன. பல் நோவும், தூக்கமின்மையும், மன முறிவும் கண்டவர்கள் ‘தகுதியுள்ளவர்’களாகவே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உலகத்தின் சரக்கு நகர வேண்டியிருந்தபோது தேகத்தின் தகுதியைப் பற்றி ஒருவரும் அதிகமாக விசாரிக்கவில்லை.

கடைசியாக, சோதனையே எட்டாத ஒரு வகுப்பாரைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. கன்னியாகுமரி ஜில்லாவில் தூத்தூரையும் அதைச் சுற்றிய கிராமங்களையும் சேர்ந்த மீனவர்கள், கொச்சி முதலிய துறைமுகங்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்று, வாரக்கணக்கில் அங்கேயே தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். சரக்குக் கப்பல் மாலுமிக்குள்ள அபாயமெல்லாம் இவர்களுக்கும் உண்டு. படகு சிறிதாகையால் அதிகமாகவே உண்டு. மூன்று நாளைக்கு மேல் கடலில் தங்கும் படகிலுள்ள மீனவனுக்கு வைத்திய அத்தாட்சி கட்டாயமென்று 2007-ம் வருஷத்து மீன்பிடித் தொழில் உடன்படிக்கை சொல்கிறது. அது 2017-ல் அமுலுக்கு வந்துவிட்டது. தாய்லாந்து 2019-ல் சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை.

சேர வேண்டுமென்பதே நமது கட்சி. ஆனால் மேலே கூறிய குறைகளோடு இந்தச் சோதனையை மீனவர் குடிசைக்கு அனுப்பினால், அது அவர்களுடைய பிழைப்பைப் பறிக்கும் இன்னுமொரு அதிகாரியாகவே முடியும். மீன்பிடி துறைமுகங்களில் சர்க்கார் செலவில் சோதனை நடக்கட்டும். நோய் கண்டவனுக்கு அங்கேயே சிகிச்சை தொடங்கட்டும். கடலுக்குப் போகக்கூடாதென்று தடுக்கப்பட்டவனுக்கு, தடுத்த நாளிலிருந்தே உபகாரச் சம்பளம் நிச்சயப்படுத்தப்படட்டும். அதன் பிறகு அத்தாட்சியைக் கட்டாயமாக்கினால் அதை எதிர்ப்பவர் இருக்கமாட்டார்.

புது விதிகளை முடிவு செய்யுமுன், அவற்றின் நகலை முதலாளிகளின் சங்கங்களுக்கு அனுப்புவதுபோலவே, சென்னையிலும் தூத்துக்குடியிலுமுள்ள மாலுமிகளின் சங்கங்களுக்கும் அனுப்ப வேண்டும். தமிழிலும் மற்றத் தேசபாஷைகளிலும் வெளியிட வேண்டும். தனக்கு முன்னிருந்த வியாதிகளைப் பற்றி இத்தனை கேள்விகளுக்குப் பதில் எழுதி, அடியில் கையெழுத்திடும் மாலுமி, அந்தக் கேள்விகளைத் தன் பாஷையில் படித்த பிறகே கையெழுத்திட்டான் என்பதைச் சோதிக்கும் டாக்டர் எழுதித் தர வேண்டும். இந்த ஒரு வரி படிவத்தில் இல்லாத வரையில், ‘மறைத்தான்’ என்ற குற்றச்சாட்டை எந்த நியாயஸ்தலமும் காது கொடுத்துக் கேட்கலாகாது.